களவும் சுவரும்: சிவகிரிச் சீமையில் காவலின் வரலாறு

குற்றத்தைக் குறைக்க வேண்டுமானால் குற்றவாளியின் மனத்தை ஆராய்வதோடு நில்லாமல், குற்றம் நிகழும் இடத்தின் அமைப்பையும் ஆராய்ந்து திருத்த வேண்டும் என்னும் கருத்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் பிறந்ததாகவே குற்றவியல் பாடநூல்கள் குறிக்கின்றன. வாசலிலும் சன்னலிலும் கடையிலும் இருக்கும் சாதாரண மனிதரின் பார்வையே தெருவுக்கு முதற்காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதினார். சூழலை அமைக்கும் முறையால் குற்றத்தைத் தடுப்பது என்பதையே சி. ரே ஜெஃப்ரி 1971இல் தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். அடுத்த ஆண்டு கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன், குடியிருப்போர் தமதென்று உரிமை கொண்டு கண்காணிக்கக்கூடிய பரப்பைக் காக்கத்தக்க இடம் என்ற பொருளில் பெயரிட்டு, எவருக்கும் உரியதல்லாத நீண்ட நடைவழிகளும் மின்தூக்கிகளும் கொண்ட அடுக்குமாடிகளில் குற்றம் பெருகுவதை எடுத்துக்காட்டினார். இம்மூவரின் கருத்துகளே பின்னர் காவல்துறைகளுக்கும் நகரமைப்பு அலுவலகங்களுக்கும் கையேடுகளாயின. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்த சிவகிரியையும் அதைச் சுற்றிய பழைய பாளையங்களையும் எடுத்துக்கொண்டு நோக்கினால், இக்கருத்தின் பெரும்பகுதி அங்கே பெயரின்றி வழக்கத்தில் இருந்ததும், களவு போனால் இழப்பை யார் ஈடுசெய்வது என்னும் மற்றொரு கேள்வி அவ்வழக்கத்தோடு பிரிக்கமுடியாமல் பிணைந்திருந்ததும் தெரியவரும்.

களவை ஒரு தொழிலாகவும் அத்தொழிலுக்கு இடத்தை ஒரு முதலாகவும் காண்பது தமிழில் பழைய வழக்கு. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைக் கள்வனென்று அரசனின் ஏவலரை நம்பவைக்க முயலும் பொற்கொல்லன், கள்வர் துணையாகக் கொள்ளும் எட்டினை அவர்களுக்கு அடுக்கிச் சொல்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம் ஆகியவற்றோடு இடமும் காலமும் கருவியும் அவ்வெட்டில் இடம்பெறுகின்றன. சொல்பவனே சிலம்பைத் திருடியவன் என்பது காப்பியத்தின் நயம்; ஆனால் அவன் பட்டியலின் கடைசி மூன்றையும் இன்றைய குற்றவியலார் ஒருவரும் மறுக்கமாட்டார். மதுரைக்காஞ்சியோ நள்ளிரவு மதுரையைக் காட்டுமிடத்தில், கரிய உடையும் நூலேணியும் அகழும் கருவியுமாக இருளில் ஒடுங்கித் திரியும் கள்வரையும், அவர்தம் நூல்வழியை அறிந்து மழையிரவிலும் தெருச் சுற்றிவரும் ஊர்காப்பாளரையும் அருகருகே நிறுத்துகிறது. வடமொழியில் சூத்திரகர் எழுதியதாகக் கூறப்படும் மிருச்சகடிகம் இன்னும் நுட்பமானது. அந்நாடகத்தில் சாருதத்தன் வீட்டுச் சுவரைத் துளைக்க வந்து நிற்கும் சர்விலகன், சுட்ட செங்கல்லாயின் உருவ வேண்டும், பச்சைச் செங்கல்லாயின் வெட்ட வேண்டும், மண்கட்டிச் சுவராயின் நனைக்க வேண்டும், மரமாயின் பிளக்க வேண்டும் என்று களவுநூல் வகுத்த நான்கு வழிகளை நினைவுகூர்ந்து, துளையிட்ட பின் தான் நுழையுமுன் ஒரு பொம்மையை முதலில் உள்ளே நுழைத்துப் பார்க்கிறான். சுவர் எதனால் ஆனதென்பதே களவின் முறையை முடிவுசெய்கிறது என்னும் இந்தத் தெளிவு, சுவரைக் கட்டுவோருக்கும் இருந்திராமற் போகாது.

ஈரோடு மாவட்டத்திலும் சிவகிரி என ஓர் ஊர் உண்டாதலின், இங்குக் குறிப்பது வாசுதேவநல்லூருக்கும் சேத்தூருக்கும் இடையே, மதுரையிலிருந்து திருமங்கலம், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கும் அப்பால் கொல்லத்துக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சிவகிரி என்பதைச் சொல்லிவிடுவது நலம். திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களில் கிழக்கே கரிசல் நிலத்தில் இருந்தவை பெரும்பாலும் தெலுங்கு நாயக்கர்களுடையவை. மேற்கே மலையடியில் இருந்த சிவகிரி, ஊற்றுமலை, சொக்கம்பட்டி, நெற்கட்டும்செவல், தலைவன்கோட்டை முதலியவை மறவர்களுடையவை. மேற்குப் பாளையங்களுக்கு மலை ஓர் இயற்கைச் சுவராக இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளால் நிறையும் குளங்களும் வயல்களும் விளைவைத் தந்தன. அவ்விளைவு களத்துக்கு வரும் மாதங்களே களவுக்கும் காவலுக்கும் உரிய மாதங்களாயின.

அந்நிலத்தில் காடும் முள்ளும் எவ்வளவு தேர்ந்த கட்டுமானப் பொருள்களாக இருந்தன என்பதை 1783இல் கும்பெனிப் படைத்தலைவர் கர்னல் ஃபுல்லர்ட்டன் நேரில் கண்டார். பாஞ்சாலங்குறிச்சியைக் கைப்பற்றிய கையோடு சிவகிரிக்கு வந்த அவர் படை ஊரை அடைந்தபோது, பாளையக்காரர் ஊரை விட்டு விலகி மலையடிக் காட்டு அரணுக்குள் புகுந்திருந்தார். மலை மூன்றுபுறமும் வளைந்து நிற்க, திறந்த முகப்பில் முள்மரம் அடர்ந்த மண்கரையும் அதன்பின் ஊடுருவ முடியாத காடும் இருந்தன. ஆயிரக்கணக்கான வீரர்களின் தாக்குதலுக்கிடையே மரத்தை வெட்டி வழியமைத்துக்கொண்டுதான் கும்பெனிப் படை உள்ளே செல்ல நேர்ந்தது. இவ்வனுபவத்தைத் தம் நூலில் ஃபுல்லர்ட்டன் விவரித்திருக்கிறார். பின்னாளில் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல்லும் அதை எடுத்தாண்டார். கல்லும் சுண்ணாம்பும் இன்றி, உடையும் கள்ளியும் இலந்தையும் கொண்டு அமைத்த அந்த அரண் பாளையத்துக்கு மட்டும் உரியதன்று. ஊரைச் சுற்றிய கள்ளிவேலி, ஆட்டுக்கிடையைச் சுற்றி இரவில் இழுத்து மூடும் முட்படல், மாட்டுத்தொழுவின் வாயில் முள் என ஒவ்வொரு குடியானவனும் அதே கலையைச் சிறிய அளவில் கையாண்டான்.

மறைவிடம் காப்பவனுக்கும் உதவும், கொள்ளையடிப்பவனுக்கும் உதவும் என்பதே இங்குள்ள சிக்கல். இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் 1285இல் பிறப்பித்த வின்செஸ்டர் சட்டம், சந்தையூர்களுக்கு இடையேயான பெருவழியின் இருபுறமும் இருநூறு அடிக்குப் புதர் இல்லாமல் அழிக்கவேண்டும் என்றும், அழிக்காத நிலவுடைமையாளரே அங்கு நிகழும் கொள்ளைக்குப் பொறுப்பு என்றும் விதித்தது. கும்பெனி அரசும் பாளையக்காடுகளை அதே கண்ணால்தான் பார்த்தது. ஊர்க்காரனுக்குப் பாதுகாப்பாகத் தோன்றிய புதரும் மேடும் அரசின் கண்ணுக்குக் கள்வர் பதுங்குமிடமாகத் தோன்றின. யார் பார்வையில் நின்று இடத்தை அமைப்பது என்னும் கேள்வி அன்று துப்பாக்கியால் முடிவுசெய்யப்பட்டது.

வேலியைத் தாண்டி ஊருக்குள் வந்தால் வீட்டமைப்பில் இக்கலை முதிர்ந்து நிற்கக் காணலாம். திருநெல்வேலி, தென்காசிப் பகுதியின் பழைய நடுத்தர வீடு தெருவை ஒட்டிய திண்ணையில் தொடங்கும். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்கவும், மாலையில் பெரியவர்கள் பேசவும், இரவில் வீட்டு ஆண்கள் படுக்கவும் பயன்பட்ட அத்திண்ணையால், தெருவில் எந்நேரமும் சில கண்கள் இருந்தன. திண்ணையை அடுத்து மரச்சட்டங்களை நெருக்கி நிறுத்திய அழி. காற்றும் பார்வையும் புகும், ஆள் புக முடியாது. அதன்பின் பட்டாசல் எனப்படும் கூடம். கூடத்துக்கு ஒட்டி அல்லது நடுவில் அரங்கு. பின்னால் அடுப்படி, புறவாசல், தொழு. இவற்றுள் அரங்கு தனித்துக் கவனிக்கத்தக்கது. சன்னலே இல்லாத, நிலைக்கதவு மிகத் தாழ்வாக அமைந்த, பகலிலும் விளக்கின்றி நுழைய இயலாத அந்த இருட்டறையில்தான் நெல்லைக் கொட்டிய குலுக்கையும் பித்தளை அண்டாக்களும் நகைப்பெட்டியும் இருந்தன. தாழ்ந்த நிலையில் குனிந்தே நுழையவேண்டும். பாரம் தூக்கிக்கொண்டு விரைந்து வெளியேறுவது அதனினும் கடினம். எந்த வெளிச்சுவரைத் துளைத்தாலும் துளைத்தவன் ஆட்கள் படுத்திருக்கும் கூடத்துக்கோ திண்ணைக்கோ வந்து சேருவானே அல்லாது அரங்குக்கு நேராக வந்துவிட முடியாதபடி, வீட்டின் விலைமதிப்புள்ள பகுதி மனிதர் உறங்கும் பகுதிகளால் சூழப்பட்டிருந்தது.

இவ்வமைப்பின் தேவை கன்னக்களவை அறிந்தால் விளங்கும். கன்னம் வைத்தல் என்பது கன்னக்கோல் என்னும் கூரிய இரும்புக் கருவியால் மண்சுவரைத் துளைத்து நுழைவது; கதவைப் பெயர்ப்பதைவிட ஓசை குறைந்த வழி. சுவரின் அடியில் ஆள் நுழையுமளவு துளைப்பது ஒருவகை. நிலைக்கு அருகே கை நுழையுமளவு துளைத்து உள்தாழ்ப்பாளை நீக்குவது மற்றொருவகை. சென்னை மாகாணப் போலீஸ் அதிகாரியாக இருந்த முல்லாலி 1892இல் வெளியிட்ட குறிப்புகளில், தென் மாவட்டங்களில் வழங்கிய இத்தகைய முறைகள் பல பதிவாகியுள்ளன. சர்விலகனின் பொம்மையைப் போலக் கோலின் முனையில் சட்டியைக் கவிழ்த்து முதலில் உள்ளே நீட்டிப் பார்ப்பார்கள் என்பது கிராமங்களில் இன்றும் சொல்லப்படும் செய்தி. இவற்றுக்கு எதிராகச் சுவரின் அடிப்பகுதியைக் கல்லால் எடுப்பது, நிலையையொட்டிய இடத்தில் சுவரைக் கனமாக்குவது, தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைக் கை எட்டாத உயரத்தில் வைப்பது, கதவின் பின்னால் குறுக்குமரம் பாய்ச்சுவது என்று கொத்தனும் தச்சனும் தம் பங்கைச் செய்தனர். கன்னக்கோல் முனை கல்லில் படும் ஓசைக்குத் திண்ணையில் படுத்திருப்பவர் விழித்துக்கொள்வார். கல்லின் வேலை கள்வனை நிறுத்துவதைவிட ஓசையை எழுப்புவதே ஆகும்.

தனிவீட்டைவிட வளவு இன்னும் நேர்த்தியான அமைப்பு. ஒரே தெருவாசலுக்குள், நடுவே நீண்ட முற்றமோ குறுகிய நடையோ இருக்க, இருபுறமும் ஐந்தாறு வீடுகள் எதிர்நோக்கி அமைந்தால் அது வளவு. பங்காளிகளோ வாடகைக் குடிகளோ அதில் இருப்பார்கள்; கிணறு பொது, உரல் பொது, வாசற்கதவும் பொது. உள்ளே வரும் அயலானைப் பார்த்து யாரைத் தேடுகிறாய் என்று கேட்கும் உரிமை அங்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் குழந்தைக்கும் உண்டு. நியூமன் அமெரிக்க அடுக்குமாடிகளில் இல்லையென்று வருந்திய இடைநிலைப் பரப்பு, தெருவும் ஆகாமல் வீடும் ஆகாமல் பலருக்கும் பொதுவாக உரிய பரப்பு, இதுவே. சுந்தர ராமசாமியும் வண்ணதாசனும் எழுதிய ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு வளவின் மறுபக்கமும் தெரியும்: அந்தக் கண்கள் கள்வனை மட்டும் கண்காணிக்கவில்லை, யார் வீட்டுக்கு யார் வந்தார், எந்தப் பெண் எப்போது வெளியே போனாள் என்பதும் அவற்றுக்குத் தப்பவில்லை. பாதுகாப்பும் வேவும் ஒரே வாசலில் அமர்ந்திருந்தன என்பதை மறைத்து அந்த அமைப்பைப் புகழ்வது வரலாறாகாது.

வீடுகளுக்கு அப்பால் குளக்கரை, சுடுகாட்டு ஓரம், பாதை பிரியுமிடம், ஊரின் எல்லை ஆகிய ஆளரவமற்ற இடங்களில் சுடலைமாடனும் கருப்பசாமியும் அய்யனாரும் நிற்பதைக் காவல் அமைப்பின் ஒரு கூறாகக் கொள்ளவேண்டும். கையில் வல்லயமோ அரிவாளோ ஏந்திய தெய்வம் இருளில் நிற்கிறது என்னும் அச்சம் ஒருபுறமிருக்க, நேர்ச்சைக்கும் கொடைக்கும் செவ்வாய் வெள்ளிக்கும் மக்கள் வந்துபோவதால் அவ்விடங்கள் முற்றிலும் பாழடைந்து போகாமல் இருந்தன. பொய்ச்சத்தியம் செய்தவனையும் களவை மறைத்தவனையும் மாடன் கேட்பான் என்ற நம்பிக்கை ஊர்ப் பஞ்சாயத்தின் விசாரணைக்கும் துணையாயிற்று.

இவையெல்லாம் சுவர், வேலி, வாசல், கண் என்னும் அளவில் மேலைநாட்டுக் கோட்பாட்டோடு ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதது காவல் என்னும் முறைமை. பாளையக்காரர்கள் நடத்திய காவல் இருவகையாகப் பகுக்கப்பட்டது. ஓர் ஊரின் வீடு, வயல், களம், கால்நடை ஆகியவற்றை அவ்வூருக்கென அமைந்த காவற்காரர் காப்பது ஸ்தலகாவல். பல ஊர்களையும் அவற்றை இணைக்கும் வழிகளையும் ஒரு பாளையக்காரர் தம் ஆட்களைக் கொண்டு காப்பதும் அதற்காக ஊர்களிடமும் வழிப்போக்கரிடமும் வரி பெறுவதும் தேசகாவல். காவற்காரருக்கு விளைச்சலில் பங்காகவோ நிலமாகவோ பணமாகவோ கூலி உண்டு; அதற்கு மாறாக, காவலுள்ள இடத்தில் பொருள் களவு போனால் அவர் அதை மீட்டுத் தரவேண்டும், மீட்க இயலாவிட்டால் ஈடு தரவேண்டும். இழப்பு தம் தலையில் விழும் என்பதால், எந்த முடுக்கு இருண்டது, எந்தச் சுவர் இளகியது, எந்தக் களத்தில் பொலி அளக்கப்படாமல் கிடக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம் காவற்காரருக்கே இருந்தது. களத்தில் குவித்த நெல்லின்மீது சாணிப்பாலால் குறியிட்டு, குறி கலைந்திருந்தால் களவு என்று கண்டுகொள்ளும் எளிய முறையும் இப்பொறுப்போடு சேர்ந்தே பொருள்பட்டது. இடத்தைச் சீரமைப்பதும் இழப்புக்குப் பொறுப்பேற்பதும் ஒரே கையில் இருந்த ஏற்பாடு இது.

அதன் கறுப்புப் பக்கமும் சிறியதன்று. காவற்கூலி கொடுக்க மறுத்த ஊரில் வைக்கோற்போர் எரியும், மாடுகள் காணாமற் போகும். காணாமற்போன மாட்டின் இருப்பிடத்தைச் சொல்வதற்குத் துப்புக்கூலி கேட்கப்படும். அதைக் கொடுத்தால் மாடு எங்காவது ஒரு காட்டோரத்தில் கட்டிக்கிடக்கக் காணப்படும். காப்பவரும் கவர்பவரும் ஒருவரே என்ற ஐயம் தென் மாவட்டங்களில் பரவலாக இருந்தது. பாளையங்களின் கப்பத்தை மேற்பார்த்த கலெக்டர் லூஷிங்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசகாவலை வெறும் பறிப்பு என்றே கண்டித்தார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அதே வருவாயைக் கும்பெனி தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள விரும்பியதையும் உடன்வைத்தே அதை எடைபோட வேண்டும்.

1799இலும் 1801இலும் நடந்த பாளையப் போர்களுக்குப் பின் நிகழ்ந்தவை விரைவானவை. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணைகள் பிறந்தன, 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்தது, தேசகாவல் ஒழிக்கப்பட்டது, 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பெனியின் பக்கம் நின்ற சிவகிரியும் அவ்வாறே ஜமீனாக நிலைத்து, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை தொடர்ந்தது. 1816ஆம் ஆண்டின் பதினோராம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்க்காவலை முன்சீப்பு, தலையாரி ஆகியோரிடம் ஒப்படைத்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்கெனப் புதிய போலீஸ் சட்டம் வந்தது. இம்மாற்றங்களில் மறைந்துபோனது காவற்காரரின் ஈட்டுப் பொறுப்பு. களவு போன பொருளுக்குப் புதிய போலீஸார் ஈடு தரவேண்டியதில்லை. தாணா பல மைல் தொலைவில் இருந்தது. காவலர் மாற்றலாகிச் செல்பவர். பழைய காவலோ சட்டத்தின் கண்ணுக்குப் புறம்பாக, ஒருபாதி மிரட்டலாகவும் ஒருபாதி உண்மைச் சேவையாகவும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. 1896இல் திண்டுக்கல் பகுதியில் அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்று காவற்கூலிக்கு எதிராக ஊர்களைத் திரட்டினார் என்பதிலிருந்தே, அந்நாள்வரை அம்முறை எவ்வளவு வலுவாக இருந்தது என்பது தெரியும்.

புதிய போலீஸையும் நம்பமுடியாமல் பழைய காவலுக்கும் பணம் கொடுக்க விரும்பாமல் இருந்தவர்கள் தாமே ஒரு கட்டடத்தை உருவாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்தமிழகத்தின் குறிப்பிடத்தக்க நிகழ்வு. சிவகிரிக்குக் கிழக்கே சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் முதலிய ஊர்களில் வணிகம் செய்த நாடார்கள், பருத்தியும் புகையிலையும் கருப்பட்டியும் ஏற்றிய மாட்டுவண்டிகளோடு கொள்ளையச்சமுள்ள வழிகளில் செல்லவேண்டியிருந்தது. வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து ஓட்டியதோடு, அவர்கள் தங்குமிடங்களில் பேட்டைகளை அமைத்தார்கள். சுற்றுச்சுவரும் ஒற்றை வாசலும், உள்ளே கிட்டங்கிகளும் கடைகளும் தங்குமிடங்களும், வண்டியை அவிழ்த்து மாடு கட்டத் திறந்த வெளியும் கொண்டது பேட்டை. சரக்கும் ஆளும் மாடும் ஒரே மதிலுக்குள் இரவைக் கழிக்கும். வாசலில் ஆள் நிற்கும். இதற்கான செலவு மகமை என்னும் பொதுநிதியிலிருந்து வந்தது. மகமை ஒவ்வொரு மூட்டைக்கும் வணிகர் தாமே விதித்துக்கொண்ட சிறு வரி. நாடார்களின் வரலாற்றை 1969இல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ், பேட்டையிலிருந்தும் மகமையிலிருந்தும்தான் உறவின்முறை என்னும் அமைப்பு வலுப்பெற்றது என்று காட்டுகிறார். மதில் வணிகத்தைக் காத்தது. மதிலைப் பராமரிக்க நிதி திரண்டது. நிதியை நிர்வகிக்க ஓர் அமைப்பு தோன்றியது. பின்னாளில் அந்நிதியே பள்ளிக்கூடங்களாகவும் மாறியது. காவற்காரரிடம் இருந்த பொறுப்பு இங்கே வணிகரிடமே வந்துசேர்ந்தது என்பதால்தான் பேட்டை வெற்றிபெற்றது. மதில் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் இடிக்கப்பட்ட கோட்டைகளும் நிலைத்திருக்கும்.

ஆனால் பேட்டை வழிப்பறிக்கு எதிரான அமைப்பே தவிரக் கலகத்துக்கு எதிரானதன்று. கோயில் நுழைவு உரிமைப் பூசல் முற்றி, 1899 ஜூன் 6 அன்று பெருங்கூட்டம் சிவகாசியைத் தாக்கி வீடுகளைக் கொளுத்தியபோதும், அக்கலகம் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் வேறு பல ஊர்களுக்குப் பரவியபோதும், இருளையும் தனிமையையும் நம்பும் கள்வனுக்காக வகுத்த எந்த அமைப்பும் பட்டப்பகலில் பலர் அறிய வரும் கூட்டத்தைத் தடுக்க உதவவில்லை. கலகம் அடங்கிய பின் அரசு செய்தது தண்டப் போலீஸை நிறுத்தி அதன் செலவை ஊர்களிடம் வசூலித்தது.

இதற்குச் சற்றுப் பின்னர் அரசு முற்றிலும் வேறொரு திசையில் திரும்பியது. 1871இல் வடஇந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இடமும் காலமும் கருவியும் சேர்ந்தால் களவு நிகழும் என்ற பழைய நோக்கு இங்கே கைவிடப்பட்டு, பிறப்பே குற்றத்துக்குக் காரணமாக்கப்பட்டது. கைரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்த இச்சட்டத்தின்கீழ், பதிவுசெய்யப்பட்ட ஆண்கள் இரவில் காவல்நிலையத்திலோ சாவடியிலோ படுத்துறங்க வேண்டியிருந்தது. ஊரை விட்டு நகர அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பிறமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸார் சுட்டுப் பலரைக் கொன்றனர். மறவரில் ஒரு பிரிவினரும் பின்னர் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். திண்ணையில் படுத்து வீட்டையும் தெருவையும் காத்துவந்த மனிதனை அத்திண்ணையிலிருந்து எழுப்பித் தாணாவில் படுக்கவைத்த இச்சட்டம், நீதியின் அளவில் கொடுமை என்பதோடு, களவுத் தடுப்பு என்ற அளவிலும் அறிவுக்குப் பொருந்தாதது. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலர் நடத்திய நெடும் போராட்டத்துக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. நாடு முழுதும் 1952இல் ஒழிந்தது.

இடத்தை அமைத்துக் குற்றத்தைத் தடுப்பதைப் பற்றி எழுதும்போது, எது குற்றம் எனக் கொள்ளப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும். பழைய தென்தமிழக ஊரின் தெருவமைப்பு கள்வரை விலக்கிய அதே கையால் சக மனிதரையும் விலக்கியது. எந்தத் தெருவில் யார் செருப்பின்றி நடக்கவேண்டும், யார் நடக்கவே கூடாது என்பதையும் வாசல்களும் முடுக்குகளும் திண்ணைக் கண்களும் சேர்ந்தே நடைமுறைப்படுத்தின. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து 1989இல் எழுப்பப்பட்டு, 2008இல் ஒருபகுதி அகற்றப்பட்ட சுவருக்கும் அதைக் கட்டியவர்கள் சொன்ன காரணம் பாதுகாப்புத்தான். காக்கத்தக்க இடம் என்னும் கோட்பாட்டை அப்படியே இந்திய ஊருக்குக் கொண்டுவருபவர் இதை மறந்தால், அவர் வரைபடம் பழைய சேரியையே புதிதாக வரைந்துவிடும்.

விடுதலைக்குப் பின் சிவகிரியின் தோற்றத்தை மாற்றியவை ஜமீன் ஒழிப்பும் நெடுஞ்சாலையும் சிமென்டும். 1980இல் கர்ணம், முன்சீப்பு ஆகிய ஊர்ப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது ஊர்க்காவலின் பழைய ஏணியில் எஞ்சியிருந்த படிகளும் போயின. திண்ணைகள் இடிந்து கடைகளாயின அல்லது இரும்புக் கிராதிக்குள் அடைபட்டன. கன்னக்கோல் நுழையாத கான்கிரீட் சுவர் வந்ததும், அரங்கின் தேவை போய் இரும்பு பீரோ வந்தது. பீரோவோ பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டிய, சன்னலுள்ள படுக்கையறையில் வைக்கப்படுகிறது. வீட்டினுள் பொருளை எங்கு வைப்பது என்ற அறிவில் இது ஒரு பின்னடைவு என்றே சொல்லவேண்டும். திண்ணைக் கண்களின் இடத்துக்கு இப்போது கண்காணிப்புக் கேமராக்கள் வந்துள்ளன. சென்னையில் 2017ஆம் ஆண்டுக்குப் பின் மூன்றாவது கண் என்ற பெயரில் மாநகரக் காவல்துறை கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் தூண்டித் தெருத்தோறும் கேமரா வைத்ததைத் தொடர்ந்து, சிற்றூர்க் கடைவீதிகளிலும் அவை பரவின. கேமரா நடந்ததைக் காட்டும். யாரைத் தேடுகிறாய் என்று கேட்காது. களவு போனால் ஈடு தரும் பொறுப்பும் அதைப் பொருத்தியவருக்கு இல்லை.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு அப்பகுதியெங்கும் புதிய மனைப்பிரிவுகளும் அலுவலகங்களும் எழுகின்றன. பழைய வீடுகள் அதே விரைவில் இடிபடுகின்றன. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் ஆகிய ஊர்களில் எஞ்சியிருக்கும் வளவுகளையும் அரங்கு வீடுகளையும் கட்டடக்கலை மாணவர்களும் உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறையினரும் அளந்து வரைந்து வைக்கவேண்டும். நிலையின் உயரமும் தாழ்ப்பாளின் இடமும் சுவரடிக் கல்லும் திண்ணையின் அகலமும் அவ்வரைபடத்தில் விடுபடக் கூடாது. அவ்வீடுகளில் காவல் இருந்த நாளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை முதலில் தொடங்கவேண்டும்.